பூசையில் வைத்த வீணை

காலை ஏழு மணி. விஜயதசமி நாள். தண்ணீரூற்று நாதவெளி இசைக்கூடத்தின் வாத்திய அறையில், கமலாசனி ரீச்சர் வீணையை மூடியிருந்த மஞ்சள் பட்டுத்துணியை இரண்டு கையாலும் தூக்கினார். கீழே வெறும் பாய் கிடந்தது. வீணையைக் காணவில்லை.

மற்ற வாத்தியங்கள் சரஸ்வதி படத்துக்கு முன்னால் முதல்நாள் வைத்தபடியே இருந்தன. இரண்டு மிருதங்கம், தவில், உறைக்குள் நாதஸ்வரம், வயலின் பெட்டி, ஆர்மோனியம், கூத்துக்காரர் தந்த மத்தளம், உடுக்கு, கடம், பள்ளிவாசல் தெருக் குடும்பமொன்று அன்பளிப்பாய்க் கொடுத்த றபான் என்ற கைப்பறை. ஊரில் உள்ள வாத்தியம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கவேண்டும் என்பது ரீச்சரின் பிடிவாதம். ஒவ்வொன்றுக்கும் அவர் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். காணாமற் போனது ஒரே பலாமரத்தில் குடைந்த தஞ்சாவூர் வீணை. கூடம் திறந்தபோது வெளிநாட்டுக் குடும்பமொன்று அனுப்பியது. வன்னியில் அப்படி இன்னொன்று இல்லை.

கூடத்தின் தலைவர் அப்புத்துரை சுறுசுறுப்பான மனிதர். ஓய்வுபெற்ற கூட்டுறவு முகாமையாளர், கோயில் சபை, இசைக்கூடம், மரணச்சங்கம் என்று எங்கே கதிரை போட்டாலும் முதல் கதிரையில் இருப்பவர். ரீச்சர் அழுது முடிக்கமுன் அவர் தேடத் தொடங்கிவிட்டார். தேடவும் அதிக நேரம் எடுக்கவில்லை. நேரே வாசலடிக் காவல் கொட்டிலுக்குப் போனார், பலகைக் கட்டிலுக்குக் கீழே குனிந்தார், உரப்பையில் சுற்றிய வீணையை இழுத்தெடுத்தார்.

அதற்குப் பிறகு ஒருவரும் யோசிக்கவில்லை. காவலாளி பாலன்தானே. அவன் ஆரென்று ஊருக்குத் தெரியும்தானே. இறுதி யுத்தத்தின்போது பதினேழு வயதில் வீட்டிலிருந்து இயக்கத்துக்கென்று இழுத்துக்கொண்டு போகப்பட்டவன், பிறகு தடுப்பு முகாமில் இருந்தவன், புனர்வாழ்வு என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து வெளியே விடப்பட்டவன். அன்றிலிருந்து ஊரில் ஒரு நீர்ப்பம்பி காணாமற் போனாலும், ஆடு காணாமற் போனாலும், பொலிஸ் ஜீப் முதலில் நிற்பது அவன் வீட்டுப் படலை வாசலில். ஆடு பக்கத்துக் காணியில் மேய்ந்துகொண்டிருந்தது தெரியவந்தபிறகு வந்து மன்னிப்புக் கேட்டவர் எவரும் கிடையாது.

அன்றும் ஜீப் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைக் கைகழுவ விடாமல் ஏற்றினார்கள். விஜயதசமிக்குப் பிள்ளைகளை வாத்தியம் தொடக்கக் கூட்டிவந்த பெற்றோர், கூடத்தின் முற்றத்தில் நின்று அந்த ஜீப்பைப் பார்த்தார்கள். ஒருவர் காறித் துப்பினார். இன்னொருவர் கைபேசியில் படமெடுத்தார். அரைமணி நேரத்தில் 'வீணை திருடிய முன்னாள் போராளி' என்று தலைப்புப் போட்டு, அந்தப் படம் ஊர் முழுக்கப் போய்விட்டது.

காலை ஒன்பது மணி. பொலிஸ் நிலையம்.

உப பொலிஸ் பரிசோதகர் ஜெமீலாவுக்கு அன்று காலை வந்த கோபம் பின்னேரம் வரை இறங்கவில்லை. பொறுப்பதிகாரி முறைப்பாட்டை நீட்டி, பின்னேரத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோய், ஆளை உள்ளே வைக்க விளக்கமறியல் உத்தரவு எடுத்துவிடு, இதில் விசாரிக்க ஒன்றுமில்லை என்றார். ஜெமீலா தண்ணீரூற்றுப் பெண். தொண்ணூறில் இயக்கம் வடக்கு முஸ்லிம்களை விரட்டியபோது குடும்பம் போய்ச் சேர்ந்த புத்தளத்தில் பிறந்து, மீள்குடியேற்றத்தோடு வாப்பாவின் காணிக்குத் திரும்பி வந்தவள். விசாரிக்க ஒன்றுமில்லை என்ற பேச்சு அவள் காதில் விழுந்தால் போதும், மூக்கு நுனி சிவந்துவிடும்.

கூண்டுக்குள் பாலன் கையைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு குந்தியிருந்தான். சோறு காய்ந்த விரல்கள். அவள் கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான். பல ஆண்டுகள் விசாரிக்கப்பட்டு வந்த பழக்கம் அது.

"வாத்திய அறைப் பூட்டின்ரை திறப்பு எப்ப கைக்கு வந்தது?"

"பின்னேரம் ஆறு மணிக்கு. தலைவர் தந்தவர்."

"உள்ளுக்குப் போனீரோ?"

"இல்லை. பூசை வைச்சிருக்கு, உள்ளுக்குப் போகாதை எண்டவர். மழையும் பிடிச்சிட்டுது. யன்னலாலை ரோச் லைற் அடிச்சுப் பாத்தனான். எல்லாம் மூடினபடி இருந்தது. வீணைப் பட்டும் உயரமாத்தான் இருந்தது."

"காலமை?"

"ஆறு மணிக்குத் தலைவர் வந்தவர். திறப்பைக் குடுத்திட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டை போனனான். அவ்வளவுதான், மிஸ்."

அவன் நிமிர்ந்து ஒன்றே ஒன்று கேட்டான். இந்த முறை எவ்வளவு காலம் என்றான். தான் எடுக்கவில்லை என்றுகூட அவன் சொல்லவில்லை, சொல்லிப் பலன் கண்ட ஆள் அல்ல அவன். வாசலில் அவன் மனைவி கஜனி ஆறுமாத வயிற்றோடு மதகில் குந்தியிருந்தாள். ஜெமீலா அவளைக் கடந்து ஜீப்பில் ஏறும்போது கதவை அடித்த அடியில், சாரதி ஆசனத்தில் இருந்த கான்ஸ்டபிள் வினோதன் துள்ளிப்போனான்.

காலை பத்து மணி. இசைக்கூடம்.

வானம் இன்னும் மூடியிருந்தது. முற்றம் சேறு. கொட்டிலின் கிடுகுக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாய் நீர் விழுந்தது. கூடத்து வாசலில் ரீச்சரின் ஸ்கூட்டியும், மிருதங்க ஆசிரியர் நிஷாந்தனின் மோட்டார் சைக்கிளும், அப்புத்துரையின் கறுப்புக் கண்ணாடி போட்ட வான் வண்டியும் நின்றன.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போன ஜெமீலா, முதலில் கண்ணில் பட்ட மிருதங்கத்தைத் தூக்கப்போனாள். ரீச்சர் பாய்ந்து வந்து தடுத்தார்.

"தொடாதேங்கோ, மிஸ். குறை நினைக்காதேங்கோ. பூசையில வைச்சது."

என்ன ஏது என்று ஜெமீலா விசாரித்தாள். நேற்றுக் காலை பூசை செய்து வைத்தது முதல், இன்று காலைப் பூசை முடிந்து தான் எடுத்துக் கொடுக்கும்வரை, எந்த வாத்தியத்தையும் எவரும் தொடக்கூடாது என்றார் ரீச்சர். வருடத்தில் அந்த ஒரு நாள் தானும் சாதகம் செய்வதில்லை. இன்று பூசை தொடங்கமுன்னரே இப்படி ஆகிவிட்டதால், எல்லாம் இன்னும் பூசையில்தான் இருக்கின்றன.

"அப்ப நேற்றுப் பகல் திறப்பு ஆரிட்டை?"

"பூசை முடிச்சுப் பூட்டி அப்புத்துரை ஐயாட்டைக் குடுத்தனான். இருக்கிறது ஒரு திறப்புத்தான்." சொல்லிக்கொண்டே வரிசையைப் பார்த்த ரீச்சர் நெற்றியைச் சுருக்கினார். "இந்தக் கடத்தை ஆர் திருப்பினது? நான் எல்லாத்துக்கும் முன்பக்கமாத்தான் பொட்டு வைச்சனான்."

கடத்தின் சந்தனப் பொட்டு சுவர்ப் பக்கம் பார்த்தபடி இருந்தது. அதுவும் பாதி அழிந்திருந்தது. ஜெமீலா மஞ்சள் பட்டுத்துணியை வாங்கி உட்பக்கம் திருப்பினாள். ஓரிடத்தில் சந்தனம் ஒட்டிக் காய்ந்திருந்தது. வீணையிலிருந்து ஒட்டியதாக்கும் என்றார் ரீச்சர். இருக்கலாம் என்றாள் ஜெமீலா.

வாங்குப் பலகையில் கிடத்தியிருந்த வீணையை ரீச்சர் பார்க்கவே மறுத்தார். தண்டின் மேல் மெழுகில் பதித்திருந்த பித்தளை மெட்டுகளில் நடுப்பகுதி முழுதும் ஒருபக்கமாய்ச் சரிந்து கிடந்தது. மெட்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலே சுரம் பிசகும். இதில் இனி ஒரு கீதம்கூட வாசிக்கமுடியாது, எல்லா மெட்டையும் கழற்றித் திரும்ப மெழுகு வைத்துக் கட்டவேண்டும், அதற்கு ஆள் தேட எத்தனை மாதமோ என்று அழுதார். கட்டிலுக்குக் கீழே தள்ளும்போது அந்தப் பாவி எங்கேயோ இடித்திருக்கிறான் என்பது அவர் முடிவு.

ஜெமீலா குனிந்து பார்த்தாள். இடித்தால் மெழுகு வெடித்திருக்கவேண்டும், உதிர்ந்திருக்கவேண்டும். இங்கே ஒரு வெடிப்பும் இல்லை. மெழுகின் விளிம்பு மழுங்கி, வழிந்து, பிறகு இறுகிப்போயிருந்தது. இறுகிய மெழுகுக்குள் ஒரு பொன்னிறச் சரிகை நூல் புதைந்திருந்தது. அவள் நகத்தால் ஒரு துணுக்கு மெழுகைக் கிள்ளி அமுக்கினாள். கல்லு மாதிரி இருந்தது. வினோதன் கொண்டுவந்த சுடச்சுடப் பிளேன்ரீக் கிளாசின் பக்கத்தில் அதை ஒட்டினாள். கொஞ்ச நேரத்தில் அது இளகி வழிந்தது. தேநீரைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்தாள்.

நிஷாந்தனை விசாரித்ததில் அதிகம் கிடைக்கவில்லை. காசையெல்லாம் வீணைக்கும் வயலினுக்கும் கொட்டுகிறார்கள், தோல்வாத்தியத்தை ஒருவரும் கவனிப்பதில்லை என்று ரீச்சரோடு சண்டை போட்டவன்தான். அதை அவனே ஒளிக்காமல் சொன்னான். நேற்றுக் காலை பூவரசங்குளத்தில் அக்கா வீட்டுக்கு பஸ்ஸில் போய், இன்று காலைதான் வந்து இறங்கியிருக்கிறான். பஸ் நடத்துநர் அவன் ஊர்க்காரர், ஓம் என்று தொலைபேசியில் உறுதி சொன்னார்.

பிறகு அப்புத்துரை. ஜெமீலா அவரைத் தனியே அலுவலக அறையில் வைத்துக் கேட்டாள். அவர் கதிரையில் நன்றாய்ச் சாய்ந்து இருந்துகொண்டார்.

"நேற்று முழுக்க எங்கை நிண்டனீங்கள், ஐயா?"

"வீட்டில. கலியாண வேலை, பிள்ளை. மச்சானின்ரை மகள் கனடாவில இருந்து வந்து நிக்கிறா, அடுத்த மாசம் கலியாணம். காலமை திறப்பை வாங்கினன், ஆறு மணிக்கு அவனிட்டைக் குடுத்தன். இடையில இந்தப் பக்கமே வரேல்லை."

"ஆறு மணிக்கு வீணை இருந்ததோ?"

"இருந்தது."

"எப்பிடித் தெரியும்? பட்டு மூடியெல்லோ இருந்தது."

"நான் என்ன சின்னப்பிள்ளையோ? பட்டைத் தூக்கிப் பாத்தனான். நாலு தந்தியையும் தட்டிப் பாத்தனான். சுருதி சுத்தமா இருந்தது. பிறகுதான் பூட்டித் திறப்பைக் குடுத்தனான். அதுக்குப் பிறகு உள்ளுக்குப் போகக்கூடியவன் அவன் ஒருத்தன்தான்."

ஜெமீலா அதை அவர் சொன்னபடியே எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்கள் ஏன் இவனுக்காக மினைக்கெடுறியள்? தொண்ணூறில உங்கட ஆக்களை விரட்டினதும் இவங்கள்தானே."

"தொண்ணூறில இவர் பிறக்கவேயில்லை, ஐயா."

மெழுகில் கண்ட சரிகை நூலையும் கலியாணப் பேச்சையும் சேர்த்து யோசித்தபடி அவள் வெளியே வந்து, வினோதனிடம் இரண்டு வேலை சொன்னாள். ஒன்று, முல்லைத்தீவிலுள்ள படப்பிடிப்பு நிலையங்களுக்கு அழைத்து, நேற்று ஒரு கனடாப் பெண்ணைப் பட்டுச்சேலையில் வெளியே வைத்துப் படமெடுத்தவர்கள் ஆரென்று கேட்பது. மற்றது, பாலனையும் கஜனியையும் இங்கே கொண்டுவருவது. பொறுப்பதிகாரி கேட்டால், களவு நடந்த இடத்தை அடையாளம் காட்டக் கூட்டிப்போவதாகச் சொல்லச் சொன்னாள்.

மத்தியானம் ஒரு மணி.

வாத்திய அறையில் ரீச்சரும் நிஷாந்தனும் அப்புத்துரையும் நின்றார்கள். கதவடியில் பாலன். கையில் விலங்கு. அவன் பக்கத்தில் கஜனி. முற்றத்தில் பெற்றோர் இன்னும் கலையவில்லை, விடுப்புப் பார்க்கும் ஆசையில் யன்னலை மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரீச்சர்," என்றாள் ஜெமீலா. "நேற்றுப் பின்னேரம் ஐயா பட்டைத் தூக்கி, வீணைத் தந்தியைத் தட்டிச் சுருதி பாத்தவராம். கையெழுத்து வைச்சுத் தந்திருக்கிறார்."

ரீச்சரின் முகம் மாறியது. மெல்லத்தான் கேட்டார்.

"பூசையில வைச்ச வீணையிலையோ? நீங்களோ, ஐயா?"

அப்புத்துரை இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார். தொட்டேன் என்றால் கோயில் சபைத் தலைவர் பூசையைக் குழப்பியவர். தொடவில்லை என்றால் பொலிசுக்குப் பொய் சொன்னவர். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது என்றார்.

"பேச்சுக்கில்லை," என்றாள் ஜெமீலா. "வீணை ராத்திரித்தான் போனது எண்டு காட்டவேணும். அதுக்குத்தான் சொன்னனீங்கள். இது முஸ்லிம் பொம்பிளை, எங்கட பூசையைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் எண்டு நினைச்சிட்டியள். ரீச்சருக்கு முன்னாலை அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டியள்."

பிறகு அவள் எல்லோரையும் வாங்கடிக்குக் கூப்பிட்டு, மெழுகைக் காட்டினாள். இது இடிபட்ட மெழுகு இல்லை, இளகிய மெழுகு. நேற்றுப் பின்னேரம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. இன்று இன்னும் வெயிலே இல்லை. கிடுகுக் கொட்டிலில், ஈரத்தில், கட்டிலுக்குக் கீழே கிடந்த வீணையின் மெழுகு எப்படி இளகும்? வெயில் கொளுத்தியது நேற்றுப் பகல் மட்டும்தான். அதிலும் இந்த அளவுக்கு வழிவதற்கு வெறும் வெயில் காணாது, கதவு பூட்டிய வாகனத்துக்குள் கிடந்து வெந்திருக்கவேண்டும். அப்படியென்றால் நேற்றுப் பகலே வீணை இந்த அறையைவிட்டு வெளியே போய்விட்டது. பகலில் திறப்பு இருந்தது ஒரே ஒருவரிடம். ஸ்கூட்டியிலும் சைக்கிளிலும் இவ்வளவு பெரிய வீணை போகாது. வான் வைத்திருப்பவரும் அதே ஒருவர்தான்.

"ஆனால் பாலன் ராத்திரி பட்டு உயரமா இருந்ததைப் பாத்தவர் எல்லோ," என்றான் நிஷாந்தன்.

"பாத்தது கடத்தை. வீணைக்குடம் மாதிரித் தெரிய, கடத்தைத் தூக்கிப் பட்டுக்குக் கீழை வைச்சு, மிச்சத்துக்குத் தலகாணியோ எதுவோ. சந்தனம் பட்டில ஒட்டினது அப்பதான். காலமை ஆறு மணிக்குத் திறப்பு கைக்கு வந்தவுடனை கடத்தைப் பழைய இடத்தில வைச்சார், பொட்டு எந்தப் பக்கம் எண்டு பாக்கேல்லை. வானுக்குள்ளை கிடந்த வீணை கொட்டிலுக்குப் போனதும் அப்பதான். பாலன் அப்ப சைக்கிளில வீட்டை போய்க்கொண்டிருந்தவர்."

எதற்காக என்று ரீச்சர் கேட்டார். ஜெமீலா வினோதனின் கைபேசியை வாங்கி அவரிடம் கொடுத்தாள். படப்பிடிப்பு நிலையம் அனுப்பிய படம். பின்னால் குளம், குளக்கட்டில் சிவப்புப் பட்டும் சரிகையுமாய் மணப்பெண், மடியில் வீணை. பெண்ணுக்கு அதைப் பிடிக்கவும் தெரியவில்லை, தலைகீழாய் வைத்திருந்தாள்.

விசயம் அவ்வளவுதான். மச்சானின் மகள் கலியாண ஆல்பத்துக்கு வீணையோடு ஒரு படம் கேட்டிருக்கிறாள். கேட்டால் ரீச்சர் தரமாட்டார். மற்ற நாட்களில் ரீச்சர் அதை வைத்தே படிப்பிப்பார், எடுத்தால் உடனே தெரிந்துவிடும். ஒருவரும் பட்டைத் தூக்காத நாள் வருடத்தில் ஒன்றே ஒன்று. அந்த நாளில் எடுத்து, பின்னேரம் திருப்பி வைத்துவிடலாம் என்பதுதான் திட்டம். படம் எடுத்த பிறகு வீணையை வானுக்குள் போட்டு, கூறைப் பெட்டியையும் சேலைகளையும் அதற்குமேல் குவித்துவிட்டு, எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். இளகிய மெழுகில் சரிகை நூல் ஒட்டியது அந்தச் சேலைகளிலிருந்துதான். ஆறு மணிக்குத் திருப்பி வைக்க எடுத்தபோதுதான் மெட்டெல்லாம் சரிந்து கிடந்ததைக் கண்டார். அப்படியே வைத்தால் காலையில் ரீச்சர் கேட்பார். அதனால் அவருக்கு ஒரு கள்ளன் தேவைப்பட்டான். ஊரில் தயாராய் ஒருவன் இருந்தான்.

அப்புத்துரை முதலில் மறுத்தார். படத்தைத் திரும்பக் காட்டியதும் மறுப்பதை நிறுத்திவிட்டு, நியாயம் சொல்லத் தொடங்கினார்.

"ஒரு போட்டோவுக்குத்தானே, பிள்ளை. மானம் போயிடும் எண்டு பயந்திட்டன். ரெண்டு கிழமையில நானே ஆளைப் பிணையில எடுத்திருப்பன். இவளுக்கும் செலவுக்குக் குடுத்திருப்பன். அவனுக்கு உள்ளுக்கு இருந்து பழக்கம்தானே."

ஜெமீலாவின் கை அரித்தது. சீருடை போட்டிருக்காவிட்டால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. அவள் திறப்பை எடுத்துப் பாலனின் விலங்கைக் கழற்றி, அதே விலங்கை அப்புத்துரையின் கையில் மாட்டினாள். பொய் முறைப்பாடு, பொய்ச் சாட்சி, களவு என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னாள். யன்னலை மொய்த்திருந்த தலைகள் ஒவ்வொன்றாய்ப் பின்வாங்கின.

"நான் போகலாமோ, மிஸ்?" என்றான் பாலன். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, ஒருவரையும் பாராமல், வாசலைப் பார்த்தபடி கேட்டான்.

போகலாம் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். கஜனி குறுக்கே வந்து நின்றாள். காலையிலிருந்து மதகில் குந்தியிருந்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"போகேலாது. இவரைப் பிடிச்ச படத்தை ஊர் முழுக்கப் போட்டவை. விட்டதை ஆர் போடுவினம்? நாளைக்கு எனக்குப் பிறக்கிற பிள்ளையை வீணைக் கள்ளன்ரை பிள்ளை எண்டுதான் சொல்லுவினம். அந்தாளே சொல்லட்டும். வெளியில, எல்லாருக்கும் முன்னாலை."

ஜெமீலா அப்புத்துரையை முற்றத்துக்குக் கொண்டுவந்தாள். பெற்றோர் வழிவிட்டார்கள். காலையில் துப்பியவர் மாமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார். காலையில் படமெடுத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இப்போதும் எடுங்கோ என்றாள் ஜெமீலா. அவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்.

அப்புத்துரை சேற்றைப் பார்த்தபடி, வீணையை எடுத்தது தான்தான், பாலன் இல்லை என்று முணுமுணுத்தார்.

"கேக்கேல்லை," என்றாள் ஜெமீலா.

அவர் திரும்பச் சொன்னார். இம்முறை படலையடியில் நின்றவர்களுக்கும் கேட்டது. சில பேர் தலையைக் குனிந்தார்கள். ரீச்சர் பாலனுக்கு முன்னால் வந்து, நானும் உன்னைப் பாவி என்றேன், மன்னிச்சுக்கொள் தம்பி என்றார். பாலன் அவருக்குத் தலையை ஆட்டினான். போதும் வா, வீட்டை போவம் என்று கஜனியின் கையைப் பிடித்து இழுத்தான்.

அப்புத்துரைக்கு ஒரு முழம் முன்னால், முகத்துக்கு நேரே நின்ற கஜனி அசையவில்லை.

"எனக்குக் கேக்கேல்லை," என்றாள். "இன்னொருக்கால் சொல்லுங்கோ."